வீடு முழுக்கப் பாட்டு: மாற்ற வேண்டியது ஒலிபெருக்கியா, அதன் மூளையா?

காலையில் பூசையறையில் பக்திப் பாடல், சமையலறையில் மின்னல் எஃப்.எம். செய்தி, கூடத்தில் பிள்ளைகள் கேட்கும் புதுப் பாட்டு. மூன்றையும் ஒரே கைப்பேசியிலிருந்து இயக்கலாம். விருந்தினர் வரும் நாளில் மூன்று அறையிலும் ஒரே பாடலை ஒரே நேரத்தில் ஒலிக்க விடலாம். சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கத் தேவையில்லை. வீட்டு வைஃபை இருந்தால் போதும். பல அறைக் கம்பியில்லா இசை அமைப்பு என்பது இவ்வளவுதான்.

பினாங்கில் தஞ்சோங் தொக்கோங் அடுக்குமாடி வீடுகளிலும், கெளுகோர், பாயான் பாரு பக்கத்து வரிசை வீடுகளிலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. அன்று அது பெரிய செலவு. இன்று அந்தப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது. ஒன்று அடிக்கடி அறுந்து போகிறது. இன்னொன்று கைப்பேசியின் புதிய செயலியில் தெரிவதே இல்லை. மற்றொன்றில் பாஸ் ஒலி கரகரக்கிறது. கடைக்குப் போனால் வரும் பதில் ஒன்றுதான்: "எல்லாத்தையும் மாத்திடுங்க அண்ணே, இப்ப புது மாடல் வந்திருக்கு."

எல்லாவற்றையும் மாற்றத்தான் வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் வேண்டியதில்லை என்பதே உண்மை. ஆனால் எதை மாற்றுவது, எதை வைத்திருப்பது என்று பிரித்தறிய, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பினாங்குக்காரர்களுக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. 1972-இல் பாயான் லெப்பாஸ் சுதந்திரத் தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஒன்று கிளாரியன். கார் வானொலிக்குப் பேர்போன ஜப்பானிய நிறுவனம். கம்பியில்லா இசைப் பெட்டிகளுக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவின் போஸ் நிறுவனத்துக்கும் பினாங்கில் தொழிற்சாலை இருந்தது. 2016-இல் அது ஃபிளெக்ஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. சோனியும் இங்கே ஒலிக் கருவிகள் தயாரித்தது. 2021-இல் பினாங்கு ஆலையை மூடி சிலாங்கூர் ஆலையோடு இணைக்கப் போவதாக அறிவித்தது. உலகத்தார் வீட்டில் பாடும் பெட்டிகளில் எத்தனையோ, நம் ஊர்ப் பெண்களின் கைபட்டுப் போனவை. அதே பெட்டி இங்கே பழுதானால் மட்டும் யாருக்கும் ஒன்றும் புரியாமல் போவது வேடிக்கைதான்.

மூளை வேறு, வாய் வேறு

சிங்கப்பூரில் 1949-இல் தொடங்கிய ரெடிஃப்யூஷன் கம்பிவழி வானொலியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பினாங்கிலும் அது இருந்தது. மாதச் சந்தா கட்டினால் வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு ஒலிபெருக்கி, சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. நிகழ்ச்சி எல்லாம் நிலையத்திலிருந்து கம்பி வழியாக வந்தது. மூளை நிலையத்தில், வாய் மட்டும் வீட்டில். அந்த வாய் பல ஆண்டு பேசியது. பழுதாக அதில் அதிகம் இல்லையே!

இன்றைய கம்பியில்லா ஒலிபெருக்கியில் நிலைமை தலைகீழ். ஒரே உறைக்குள் நான்கு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. வைஃபை வழியாகப் பாட்டை வாங்கும் சிறு கணினி ஒன்று. எண்களாக வரும் பாட்டை மின்னலையாக மாற்றும் சில்லு ஒன்று. அந்த அலைக்கு வலுவூட்டும் ஆம்பிளிஃபயர் ஒன்று. கடைசியாக, காற்றை அசைத்து ஒலி எழுப்பும் ஊஃபர், டுவீட்டர். இவற்றில் ஊஃபரும் டுவீட்டரும் நன்கு செய்யப்பட்டிருந்தால் இருபது முப்பது ஆண்டு உழைக்கும். ஆம்பிளிஃபயரும் அப்படித்தான். சிறு கணினிக்குத்தான் ஆயுள் குறைவு. அது கெடுவதால் அல்ல. அதன் நினைவகம் சிறியது, புதிய மென்பொருளுக்கு இடம் போதாது, அல்லது தயாரித்த நிறுவனமே கைவிட்டுவிடுகிறது. ஐந்தாறு ஆண்டில் மூப்படையும் மூளையை, முப்பது ஆண்டு பேசக்கூடிய வாயோடு ஒரே உறைக்குள் ஒட்டி விற்கிறார்கள். வாங்குபவரின் பணம் கரைவது இந்த ஒட்டில்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நடந்த கதைகள் உண்டு.

2002-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட சோனோஸ் நிறுவனம்தான் இந்தத் துறையை வீடுகளுக்குள் கொண்டு வந்ததில் முன்னோடி. 2020 ஜனவரியில் அது ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய சாதனங்கள் சிலவற்றுக்கு அந்த ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு புதிய மென்பொருள் கிடையாது என்பதே செய்தி. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த முதல் தலைமுறை பிளே:5 ஒலிபெருக்கியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைவிடக் கொதிப்பை உண்டாக்கியது இன்னொன்று. பழையதைக் கொடுத்தால் புதியதில் 30 விழுக்காடு கழிவு தருவதாகச் சொன்ன அந்த நிறுவனம், கழிவு பெற விரும்புகிறவர் தன் பழைய சாதனத்தை மறுசுழற்சி நிலைக்கு மாற்ற வேண்டும் என்றது. மாற்றினால் 21 நாளில் அது நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. பாடக்கூடிய பெட்டியைக் கொன்றுவிட்டுத்தான் தள்ளுபடி வாங்க வேண்டுமா என்று உலகெங்கும் வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். அதே ஆண்டில் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. பழையவற்றுக்கு எஸ்1, புதியவற்றுக்கு எஸ்2 என்று இரண்டு செயலிகள் வந்தன. ஆனால் ஒரு சிக்கல் மிச்சம்: எஸ்1 பெட்டியும் எஸ்2 பெட்டியும் ஒரே குழுவாகச் சேர்ந்து பாடா. கூடத்துக்கு மட்டும் புதிய பெட்டி வாங்கியவருக்குச் சமையலறைப் பழைய பெட்டி வேற்றாளாகிவிட்டது.

புதிய செயலிதான் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. 2024 மே மாதம் அதே நிறுவனம் செயலியை முழுதாக மாற்றி எழுதி வெளியிட்டபோது, இருந்த வசதிகள் பல காணாமல் போயின. எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

போஸ் நிறுவனம் 2013-இல் சவுண்ட்டச் என்ற வரிசையைக் கொண்டு வந்தது. பல அறைகளில் பாடும் இதே வகைதான். 2025 அக்டோபரில், அதற்கான இணையச் சேவையை 2026-இல் நிறுத்தப் போவதாக அறிவித்தது. செயலியில் வைத்திருந்த இணைய வானொலிப் பொத்தான்கள் எல்லாம் பயனற்றுப் போகும் என்ற நிலை. வாங்கியவர்கள் குரல் எழுப்பிய பிறகு, வெளியார் மென்பொருள் எழுதிக்கொள்ள உதவும் விவரங்களை நிறுவனம் வெளியிட்டது. இது பாராட்ட வேண்டிய செயல். எல்லா நிறுவனமும் இந்த அளவுக்கும் வராது.

இதற்கு எதிர்க்கதையும் ஒன்று இருக்கிறது. லாஜிடெக் நிறுவனத்தின் ஸ்குவீஸ்பாக்ஸ் 2012-இல் விற்பனையிலிருந்து நிறுத்தப்பட்டது. அதற்கான இணையச் சேவையும் 2024-இல் மூடப்பட்டது. ஆனால் அதன் மென்பொருள் திறந்த மூலம். ஆர்வலர்கள் அதைத் தாங்களே பராமரித்து, இப்போது லிரியான் என்ற பெயரில் நடத்துகிறார்கள். வீட்டில் ஒரு பழைய கணினி இருந்தால் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடும். நிறுவனம் கைவிட்ட பொருள் வாழ்கிறது. வாழும் நிறுவனப் பொருள் சாகிறது!

அதனால் வாங்கும்போதே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதல்ல. "இந்த நிறுவனத்தின் செயலி இல்லாமலும் இது பாடுமா?" என்பதுதான். பின்பக்கத்தில் கம்பி செருகும் துளை இருக்கிறதா, ஏர்பிளே போன்ற பொதுவான வழியில் பாட்டை ஏற்குமா, இவை இருந்தால் மூளை மூத்த பிறகும் வாய் பிழைத்துக்கொள்ளும்.

பழைய ஸ்பீக்கருக்குப் புதிய மூளை

பழைய ஹை-ஃபை செட்டின் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு பல வீடுகளில் துணி போர்த்திய நிலையில் கிடக்கும். அப்பா காலத்தில் வாங்கியது. மேல் மாடியில் தூசு படிந்து கிடக்கும் அதை, பழைய இரும்புக்காரனுக்குப் போடும் முன் ஒரு முறை பார்க்கலாம். கம்பியில்லா ஆம்பிளிஃபயர் ஒன்றை மட்டும் வாங்கி அதனோடு இணைத்தால், அதே விலையுள்ள சிறு உருளை ஒலிபெருக்கியைவிடப் பல வேளைகளில் நன்றாகப் பாடும். பெரிய பெட்டிக்குள் பெரிய ஊஃபர் காற்றை அசைப்பதற்கு ஈடாகச் சிறிய பெட்டியில் மென்பொருள் வித்தை எவ்வளவு செய்தாலும் ஓர் எல்லை உண்டு. நாளை அந்த ஆம்பிளிஃபயரின் மூளை மூத்தாலும் மாற்ற வேண்டியது அதை மட்டுமே.

ஆனால் முதலில் ஊஃபரின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பர் என்றால் பெரும்பாலும் பயமில்லை. நுரை என்றால், பினாங்கின் ஈரக் காற்று அதைத் தின்றிருக்கும். விரலால் மெல்லத் தொட்டாலே உதிரும். கரகரப்புக்குக் காரணம் அதுவே. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று பொருளில்லை. வளையத்தை மட்டும் புதிதாக ஒட்டலாம். பழுதுபார்ப்பவரிடம் "புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல், "ஓரம் மட்டும் மாத்தணும்" என்று தெளிவாகச் சொன்னால் வேலை நடக்கும்.

அடுத்தது ஓம். ஸ்பீக்கரின் முதுகில் 4, 6 அல்லது 8 என்று எழுதியிருக்கும். ஆம்பிளிஃபயர் எந்த அளவு வரை தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை ஒரே துளையில் இணையாகப் பூட்டினால் ஆம்பிளிஃபயர் காண்பது 4 ஓம். இன்னும் இரண்டைச் சேர்த்தால் 2 ஓம். "ஒரே ஆம்ப்ல நாலு ரூமுக்கும் போட்டுடலாம்" என்று சொல்லும் அவசர வேலைக்காரர்களால்தான் ஆம்பிளிஃபயர் சூடாகி அணைந்து போகிறது. சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் எதுவும் எரியாது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பாஸ் ஒலி மாயமாகிவிடும். புது ஆம்பிளிஃபயர் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போகும் முன் இந்தக் கம்பியைப் பார்த்துவிட வேண்டும்.

வாட் கணக்கில்தான் கடைக்காரர்கள் அதிகம் விளையாடுகிறார்கள். வாட் இரட்டித்தால் சத்தம் இரட்டிக்காது. இரு மடங்கு மின்திறன் கொடுத்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். சத்தம் இரு மடங்கானதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு மின்திறன் வேண்டும். சோனோஸின் பழைய கனெக்ட்:ஆம்ப் பக்கத்துக்கு 55 வாட்; அதன் பின் வந்த ஆம்ப் 125 வாட். எண்ணைப் பார்த்தால் பிரமாண்ட வேறுபாடு. காதில் விழும் வேறுபாடோ மூன்றரை டெசிபெல் அளவுதான். அதே மூன்று டெசிபெல்லை, உணர்திறன் கூடிய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தே பெற்றுவிடலாம். ஸ்பீக்கர் விவரத்தாளில் 85 டெசிபெல், 88 டெசிபெல் என்று ஒரு வரி இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எவ்வளவு சத்தம் என்பதே அது. 88 என்று இருப்பது, 85 என்று இருப்பதற்குத் தேவைப்படும் மின்திறனில் பாதியிலேயே அதே சத்தத்தைத் தரும். விளம்பரத் தாளில் வாட் பெரிய எழுத்தில் இருக்கும், இந்த வரி மட்டும் பொடி எழுத்தில் இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் பழைய ஆம்பிளிஃபயரில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் செருகியில் நேராகச் சொருகக்கூடாது. சொருகிய நொடியில் கதை முடிந்துவிடும்.

குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல, சுவர்

இவ்வளவு பேசிய பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "பாட்டு அறுந்து அறுந்து வருது" என்ற புகாருக்கு ஒலிபெருக்கி காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் வைஃபைதான் காரணம்.

ஜார்ஜ்டவுன் கடைவீடுகளை எடுத்துக்கொள்வோம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வட்டாரம் இது. வீடு அகலம் குறைவு, நீளம் அதிகம். நடுவே வானம் பார்த்த முற்றம். கனமான செங்கல் சுவர், அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. பாரம்பரியக் கட்டடம் என்பதால் இஷ்டத்துக்கு உடைக்கவும் துளைக்கவும் முடியாது, மாநகர் மன்றத்தின் விதிகள் உண்டு. கம்பியில்லா அமைப்பு இங்கே வரப்பிரசாதம் போலத் தோன்றும். ஆனால் முன்வாசலில் ரூட்டரை வைத்துவிட்டுப் பின்கட்டுச் சமையலறையில் பாட்டை எதிர்பார்த்தால் நடக்காது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கனத்த சுவரைக் கடக்கத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கூடுதலாகத் தாண்டும்; ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத வழித்தடங்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து இருபது ரூட்டர்களும் அந்த மூன்றுக்காகவே போட்டியிடுகின்றன.

கடைவீட்டில் ரூட்டரின் துணைப் பெட்டி ஒன்றை முற்றத்தை ஒட்டி வைத்தால் மேல் மாடிக்கும் பின்கட்டுக்கும் அலை திறந்தவெளி வழியாகவே போய்ச் சேரும். தொலைக்காட்சிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ரூட்டரை ஒளித்து வைப்பது வேண்டாத வேலை. இரும்பும் தண்ணீரும் அலையை விழுங்கும். ஒரே ஓர் ஒலிபெருக்கிக்காவது கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடலாம். அதற்குப் பிறகும் அறுந்தால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும்.

இணைய நிறுவனம் ரூட்டரை மாற்றித் தரும் நாளில் வீட்டிலுள்ள எல்லா ஒலிபெருக்கியும் ஒரேயடியாக ஊமையாகும். எட்டுப் பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதற்குப் பதிலாக, புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே அப்படியே வைத்துவிட்டால், பெரும்பாலான பெட்டிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய கடவுச்சொல் சுலபமாக ஊகிக்கக் கூடியதாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

புளூடூத் பெட்டிகள் நான்கு வாங்கினால் அதுவும் பல அறை இசைதானே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே நேரம் குறுக்கே நிற்கிறது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் நடக்கச் சுமார் 3 மில்லி நொடி எடுக்கும். ஒரே ஒலி இரண்டு திசையிலிருந்து 30 மில்லி நொடிக்குள் வந்தால் நம் காது அதை ஒன்றாகவே கேட்கும். அதைத் தாண்டினால் எதிரொலி போலப் பிரியத் தொடங்கும். புளூடூத்தில் வழக்கமான தாமதமே 100, 200 மில்லி நொடி. அதுவும் பெட்டிக்குப் பெட்டி மாறும். வைஃபை அமைப்பில் எல்லாப் பெட்டியும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு, பாட்டைக் கொஞ்சம் சேமித்து வைத்து ஒரே கணத்தில் வெளியிடுகின்றன. காசு கொடுப்பது இந்தக் கடிகாரத்துக்குத்தான். இதனாலேயே வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் தங்கள் சொந்தச் செயலியில் ஒன்றாகப் பாடுவதில்லை; ஏர்பிளே 2 போன்ற பொது வழியில் மட்டும் சேரும்.

வீட்டில் வயதானவர் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பாட்டிக்கு மின்னல் எஃப்.எம். கேட்க ஐந்து தடவை கைப்பேசியைத் தட்ட வேண்டும் என்றால் அது அவருக்கு வானொலி ஆகாது. கூடத்தில் மகன் புதுச் செயலி ஏற்றியதால் பின்கட்டில் பாட்டியின் காலை நிகழ்ச்சி நின்று போவது பல வீடுகளில் நடக்கிறது. தன் கைதான் ஏதோ தவறாக அழுத்திவிட்டது என்று நினைத்து அவரும் வாய் திறப்பதில்லை. புதிதாக வாங்கும் பெட்டியில் நிலையத்தைப் பதிந்து வைக்கும் உண்மையான பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, ஒலித் தரத்தைப் பார்ப்பதைவிட முக்கியம். அப்படி ஒன்று கிடைக்கவில்லையென்றால் பின்கட்டில் சாதாரண எஃப்.எம். வானொலியே இருக்கட்டும். அதற்கு மேம்பாடு எதுவும் தேவையில்லை.

இடம் மாற்றிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் எந்த ஸ்பீக்கரும் டப்பாச் சத்தம்தான் போடும். ஒரு கம்பளமும் திரைச்சீலையும் பாதிக் குறையைத் தீர்க்கும். மூலையில் வைத்தால் பாஸ் கூடும், அளவு மீறினால் பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து அதிரும். வரிசை வீட்டில் அந்தச் சுவர் இருவருக்கும் பொது.

கடைசியாக மாற்றியே ஆக வேண்டியவை. பழைய பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவு விதிமுறைகளின் கீழ் மின்னணுக் கழிவு எஸ்.டபிள்யூ. 110 என்ற வகையில் வருகிறது. அதற்கென்று அனுமதி பெற்ற சேகரிப்பு மையங்களில்தான் ஒப்படைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, செயலியில் உள்ள கணக்கிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இன்னும் பாடும் நிலையில் இருந்தால் வேறொருவருக்குக் கொடுக்கலாம். அப்போதும் கணக்கிலிருந்து நீக்காமல் கொடுத்தால் சில பெட்டிகளைப் புதியவர் தம் பெயரில் பதிய முடியாமல் போகும்.